பொய் சொல்லாத பெட்டி, ஏமாற்றாத ஆட்டம்

எந்த ஹார்டு டிஸ்க் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைச் செருகி யு.எஸ்.பி-யில் மாட்ட உதவும் பெட்டி எது நல்லது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. "எதையாவது வாங்கிப் போடு, எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். டிஸ்க் பாதியில் காணாமல் போகும், காப்பி நடுவழியில் நிற்கும், மறுபடி செருகினால் 'இதை ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கம்ப்யூட்டர் கேட்டு வயிற்றைக் கலக்கும். பழியெல்லாம் டிஸ்க் தலையில் விழும். எனக்குத் தெரிந்து, அப்படிப் பழி சுமந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் நிரபராதிகள்.

என் மாலை நேரங்கள் இரண்டு காரியங்களில் கழிகின்றன. ஒன்று, சேர்த்து வைத்த போட்டோக்களையும் கோப்புகளையும் பத்திரமாக வைக்கும் வேலை. இன்னொன்று, தனியாக உட்கார்ந்து ஆடும் கேம்கள், அதிலும் கைத்திறன் கேட்கும் ரகம். இவை இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டிலும் என் எதிர்பார்ப்பு ஒன்றேதான்: சொதப்பினால், எங்கே சொதப்பியது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டு, ஒரு பக்கம் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பு, மறுபக்கம் யு.எஸ்.பி வாய், நடுவில் சுண்டுவிரல் நக அளவில் ஒரு கறுப்புச் சில்லு. பிரிட்ஜ் சிப் என்பார்கள். கம்ப்யூட்டர் யு.எஸ்.பி வழியாகச் சொல்வதை டிஸ்க்குக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள்தான் இவற்றைத் தயாரிக்கின்றன. வெளியே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். அதனால் நான் பிராண்டைத் தேடுவதில்லை, சில்லின் எண்ணைத் தேடுகிறேன். ஜேஎம்எஸ்578, ஏஎஸ்எம்1153இ என்று விவரத்தில் எழுதியிருக்கும் பெட்டிக்கு முதல் மதிப்பெண். சில்லின் பெயரையே சொல்லாமல் 'அதிவேகம்', 'பிரீமியம் அலுமினியம்' என்று அளக்கும் பெட்டியை அப்படியே கடந்துவிடுவேன். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. அதே மாடலை ஒரு வருடம் கழித்து வாங்கினால் உள்ளே வேறு சில்லு இருக்கலாம். அட்டைப்பெட்டியில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நன்றாக ஓடினால் நொடிக்கு 250 எம்பி அளவுக்குத் தரும். 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) யு.எஸ்.பி-யின் உச்சவரம்பு, அனுப்புவதற்காகத் தரவைக் குறியீடாக மாற்றும் செலவு போக, நொடிக்கு 500 எம்பி. ஒற்றை ஹார்டு டிஸ்க்குக்கு 10 ஜிபிபிஎஸ் பெட்டி வாங்குவது வெறும் பெருமைக்குத்தான். யு.எஸ்.பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் அதே 5 ஜிபிபிஎஸ்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெயரை மாற்றி மாற்றி நம்மைச் சுற்றலில் விட்டிருக்கிறார்கள்.

உண்மையான தலைவலி மின்சாரம். 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யு.எஸ்.பி கேபிளே கொடுத்துவிடும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், அதற்காகத்தான் கூடவே ஒரு அடாப்டர் வருகிறது. தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கும்போது டிஸ்க் சாதுவாகத்தான் மின்சாரம் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்குப் போகும். அடாப்டரின் முதுகில் '12 வோல்ட், 2 ஆம்பியர்' என்று போட்டிருந்தால் கணக்கு நூலிழையில் நிற்கிறது என்று பொருள். எழுதியிருப்பதைக் கொடுக்காத அடாப்டர்களும் இருக்கின்றன, அவற்றோடு அந்த இழையும் அறுந்துவிடும்.

என்னிடம் ஒரு பெட்டி இப்படித்தான் விளையாட்டுக் காட்டியது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெரிய காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு தட்டுகள் மெல்ல வேகம் குறைந்து, உடனே மறுபடி 'வ்வ்ர்ர்' என்று மேலேறும். திரையில் டிஸ்க் மறைந்து மறுபடி தோன்றும். டிஸ்க்கா, கேபிளா, சில்லா, அடாப்டரா, கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி வாயா? ஐந்து பேர் மேல் சந்தேகம்.

இங்கே கைகொடுத்தது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் ஸ்மார்ட் குறிப்புகள். 199-ஆம் வரிசையில் இருப்பது, டிஸ்க்குக்கும் சில்லுக்கும் இடையே தரவு சிதைந்து வந்த எண்ணிக்கை. அது அசையவே இல்லை. 5, 197, 198 மூன்றும் தட்டில் கெட்டுப்போன, கெட்டுப்போகும் நிலையில் உள்ள இடங்களைச் சொல்பவை. அவையும் சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் 12-ஆம் வரிசை, அதாவது எத்தனை முறை மின்சாரம் வந்தது என்ற கணக்கு, நான் தொடாமலேயே ஏறிக்கொண்டிருந்தது. கூடவே 192-ம் ஏறியது. மின்சாரம் திடீரென்று போகும்போது டிஸ்க் தன் தலைப்பகுதியை அவசரமாக இழுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ளும் எண்ணிக்கை அது. அதாவது டிஸ்க் பதறி எழுதி வைத்திருக்கிறது: 'எனக்குச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள்.' நல்ல தரமான 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை மாட்டினேன், பிரச்சினை அதோடு ஒழிந்தது. அடாப்டர் மாற்றும்போது முனையின் அளவும், உள்ளே நேர்முனையா எதிர்முனையா என்பதும் பொருந்த வேண்டும். அவசரத்தில் எதையாவது செருகினால் போர்டு புகைந்துவிடும்.

இந்தத் துப்பறிதல் நடந்ததே அந்தப் பெட்டி ஸ்மார்ட் குறிப்புகளை வெளியே விட்டதால்தான். எல்லாப் பெட்டியும் விடாது. சில சில்லுகள் அந்தக் கேள்வியை டிஸ்க்குக்குக் கடத்தவே கடத்தாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எழுதுவது, படிப்பது எல்லாம் பிரமாதமாக நடக்கும். 'உடம்பு எப்படி இருக்கிறது' என்று டிஸ்க்கைக் கேட்டால் மட்டும் பதில் இருக்காது. இப்படிப்பட்ட பெட்டியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. புதுப் பெட்டி வந்ததும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. டிஸ்க்கின் மாடல் பெயர், சீரியல் எண், வெப்பநிலை மூன்றும் சரியாக வந்தால் மேலே பேச்சு.

சீரியல் எண்ணைக் குறிப்பாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலிவான சில பெட்டிகள் உள்ளே எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஒரே சீரியல் எண்ணைச் சொல்லும். ஒன்று இருக்கும்வரை தெரியாது. அதே மாதிரி இரண்டு பெட்டிகளை ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால், இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் குழம்பும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும், அவற்றை எண் வைத்து அடையாளம் காணும் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் இந்த ஆள்மாறாட்டம் பெரிய ஆபத்து.

இன்னொரு பொய் இதைவிடச் சாமர்த்தியமானது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர், டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டையும் 32 பிட் எண்ணால் குறிக்கும். ஒரு துண்டுக்கு 512 பைட் என்றால் மொத்தம் 2.2 டிபி-யோடு எண் தீர்ந்துபோகும். பெரிய டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்ட வேண்டுமே என்று, சில பெட்டிகள் துண்டின் அளவு 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லாம் சுகம். பெட்டி செத்துப்போய், டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுங்கள், டிஸ்க் காலி என்று வரும். தரவு அப்படியே இருக்கிறது, விலாசம் மட்டும் எட்டு மடங்கு தள்ளிப்போய்விட்டது. பதற்றத்தில் அப்போது ஃபார்மேட் கொடுப்பவர்கள்தான் பாவம். புதுப் பெட்டியில் எதையும் சேமிக்கும் முன்பே, சின்னதாக ஒரு கோப்பைப் போட்டு, டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டி அது தெரிகிறதா என்று பார்த்துவிடுவது என் வழக்கம்.

யு.எஸ்.பி டிஸ்க்கோடு பேசும் புது முறையான யுஏஎஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யு.எஸ்.பி டிஸ்க்குகள் பேசும் பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்தால்தான் அடுத்தது. அந்த முறையை வரையறுத்த 1999-ஆம் ஆண்டு ஆவணத்தின் முகப்பில் தேதி செப்டம்பர் 31 என்று அச்சாகியிருக்கிறது. இல்லாத நாளில் பிறந்த விதிமுறை இத்தனை வருடம் உலகையே ஓட்டியிருக்கிறது. யுஏஎஸ் முறையில் பல கட்டளைகளை வரிசையில் போட்டுவிடலாம், டிஸ்க் தனக்கு வசதியான வரிசையில் முடித்துக் கொடுக்கும். காகிதத்தில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் சில சில்லுகளின் ஃபர்ம்வேர், அதாவது உள்ளேயே பதிந்த மென்பொருள், இதை அரைகுறையாகச் செய்திருப்பதால் பாரம் ஏறும்போது இணைப்பே விழுந்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இப்படிப்பட்ட பெட்டிகளின் அடையாள எண்களைப் பட்டியலிட்டு, 'இதற்கு யுஏஎஸ் வேண்டாம்', 'இதனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதே' என்று எழுதி வைக்கவே தனியாக ஒரு கோப்பு இருக்கிறது. வாங்குவதற்கு முன்பு அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்ப்பது எந்த விளம்பரத்தைவிடவும் பயன்படும். வாங்கிய பெட்டி தகராறு செய்தால், துவக்கத்தின்போதே அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைத்துவிடலாம். பெரிய கோப்புகளைக் காப்பி செய்கிறவருக்கு ஹார்டு டிஸ்க்கில் வித்தியாசமே தெரியாது.

நான்கைந்து டிஸ்க் கொள்ளும் பெட்டி என்றால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். அவற்றில் சில, ஒரே சாட்டா இழையைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பவை. ஒரு டிஸ்க் படிக்கத் திணறினால் பெட்டி மொத்தத்தையும் ஒருமுறை அணைத்து எழுப்பும், அருகில் நலமாக இருந்த மற்றவையும் சேர்ந்து விழும். யார் விழுந்தார், யார் இழுத்துப் போட்டார் என்றே தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித் தனிச் சில்லு வைத்து, உள்ளே ஒரு யு.எஸ்.பி ஹப்பால் இணைத்திருக்கும் பெட்டி எனக்குப் பரவாயில்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோக்கும் ரெய்டைப் பெட்டியே செய்து கொடுக்கும் என்றால் அந்தப் பக்கமே போக மாட்டேன். டிஸ்க்குகளில் என்ன வடிவில் எழுதியிருக்கிறது என்பது அந்தப் போர்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். போர்டு போனால் அதே வகைப் போர்டைத் தேடி அலைய வேண்டும். ரெய்டு வேண்டுமா, கம்ப்யூட்டரின் மென்பொருளே செய்யட்டும். அதே மென்பொருள் உள்ள வேறு கம்ப்யூட்டரிலும் அது திறக்கும்.

சின்ன விஷயங்களும் உண்டு. அழுத்தினால் உள்ளேயே நிற்கும் பழைய பாணி சுவிட்ச் உள்ள பெட்டி, மின்சாரம் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும். தொட்டால் விளக்கெரியும் நவீன பட்டன் வைத்தவற்றில் பல, யாராவது வந்து அழுத்தும்வரை படுத்தே கிடக்கும். இரவில் பேக்கப் ஓடும் என்று நம்பி வெளியூர் போயிருப்போம். மைக்ரோ-பி வாய் உள்ள பெட்டியை நகர்த்தாமல் வைத்திருந்தால் சரி, அந்த அகன்ற தட்டை இணைப்பு லேசில் தளர்ந்துவிடும். சதுர டைப்-பி வாய் அசிங்கமாக இருந்தாலும் இரும்புபோல நிற்கும். சில பெட்டிகள் சில நிமிடம் சும்மா இருந்தாலே டிஸ்க்கைத் தூங்க வைத்துவிடும், அந்த நேரத்தை மாற்றவும் விடாது. ஓயாமல் தூங்கி எழுகிற டிஸ்க்கைவிட ஒரே சீராகச் சுற்றும் டிஸ்க்கே எனக்கு நிம்மதி. மின்விசிறி 80 மில்லிமீட்டர் இருந்தால் காதுக்கு நல்லது. 40 மில்லிமீட்டர் விசிறி கொசு ரீங்காரம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். வழியையும் இந்தப் பெட்டியேதான் போட்டுக் கொடுத்தது.

2018-ல் வந்த செலஸ்ட் ஆடிக்கொண்டிருந்தேன். மலை ஏறும் ஒரு பெண். குதித்தல், காற்றில் ஒரு பாய்ச்சல், சுவரைப் பிடித்தல், இந்த மூன்றே வித்தைகள். முட்களுக்கு நடுவே போகும் அறைகள். செத்தால் ஒரு நொடிகூட ஆகாது, அதே அறையின் வாசலில் மறுபடி நிற்பீர்கள். இந்த ஆட்டம் சாகடிப்பதில் தாராளம், ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கண்ணெதிரே இருக்கும்: பாய்ச்சலை முன்னாலேயே செலவழித்துவிட்டேன், சுவரைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். ஒரு நாள் மட்டும் அப்படி இல்லை. குதிக்கும் பட்டனை அழுத்துகிறேன், விரலுக்கு அழுத்தம் தெரிகிறது, அவள் குதிக்காமல் நேராகக் குழிக்குள் போகிறாள். வேறொரு ஆட்டமாக இருந்தால் 'சரி, நமக்குத்தான் கை தவறியது' என்று விட்டிருப்பேன். செலஸ்டில் அப்படி நினைக்க முடியவில்லை, ஏனென்றால் அது அதுவரை ஒருமுறைகூட என் பட்டனை விழுங்கியதில்லை.

கவனித்தபோது ஒன்று பிடிபட்டது. பின்னணியில் பேக்கப் ஓடும்போது மட்டும்தான் இப்படி. கம்பியில்லா கன்ட்ரோலரின் ரிசீவர், டிஸ்க் பெட்டியின் கேபிளுக்குப் பக்கத்து வாயில் செருகியிருந்தது. யு.எஸ்.பி 3.0 வேலை செய்யும்போது அதன் இணைப்புகளிலிருந்து கிளம்பும் இரைச்சல், கம்பியில்லாச் சாதனங்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது. கவசம் சரியில்லாத மலிவு கேபிளும் பெட்டியும் என்றால் இரைச்சல் இன்னும் கூடும். ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் போட்டு மேசையின் மறுமுனைக்கு நகர்த்தியதும் அவள் ஒழுங்காகக் குதிக்க ஆரம்பித்தாள். மவுஸ் திக்குகிறது, புளூடூத் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் அருகில் யு.எஸ்.பி டிஸ்க் ஏதாவது ஓடுகிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

ஒரு டிஸ்க் பெட்டியின் கோளாறை ஒரு கேம் காட்டிக் கொடுத்தது என்பதைவிட, எப்படிப்பட்ட கேம் காட்டிக் கொடுத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆட்டம் நேர்மையாக இருந்ததால்தான் வெளியிலிருந்து வந்த பொய் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

நேர்மை என்றதும் ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். செலஸ்டே ஒரு பொய்யை வைத்திருக்கிறது. மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் 0.1 நொடி வரை குதிக்க விடும். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் ஆட்டத்தில் இது 6 சட்டம். தரை தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும், அதை நினைவில் வைத்திருந்து தரை பட்டதும் குதிக்க வைக்கும். இவை இல்லாவிட்டால் ஆட்டம் இன்னும் 'உண்மையாக' இருக்கும், ஆனால் ஆட முடியாது. மனித விரலுக்கும் கண்ணுக்கும் இருக்கும் இயல்பான தாமதத்தை அது மன்னிக்கிறது, அவ்வளவுதான். நான் ஏன் செத்தேன் என்பதை அது மறைப்பதில்லை. இந்தப் பொய்யோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், நான் எப்படி ஆடுகிறேன் என்று வேவு பார்த்து எதிரிகளை ரகசியமாகப் பலவீனமாக்கும், பலமாக்கும் ஆட்டங்களோடு. 2005-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 இதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஆட்டம். நன்றாக ஆடினால் எதிரிகள் கடுமையாவார்கள், திணறினால் இளகுவார்கள், திரையில் எந்தக் குறிப்பும் இருக்காது. தெரியாதவரை அற்புதமான ஆட்டம், இன்றைக்கும் அதன் துப்பாக்கிச் சண்டையை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெரிந்த பிறகு ஒரு அறையைக் கடந்தால் மனசு கேட்கும்: கடந்தது நானா, அது விட்டுக்கொடுத்ததா? கார் பந்தயங்களில் பின்தங்கிய போட்டிக் கார்கள் ரப்பர் இழுத்ததுபோல ஓடி வந்து ஒட்டிக்கொள்வதும் இதே கதைதான். பரபரப்பு இருக்கும். இரண்டாவது சுற்றில் நான் எடுத்த அருமையான வளைவுக்கு மதிப்பு இருக்காது.

வியூக ஆட்டங்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002-ல் வந்த ஆட்டம், அடி விழும் வாய்ப்பு 70 சதவீதம் என்று காட்டும். உள்ளே இரண்டு எண்களைக் குலுக்கி அவற்றின் சராசரியை எடுக்கும். கணக்குப் போட்டால் உண்மையான வாய்ப்பு 82 சதவீதத்துக்கு மேல் வரும். 90 என்று காட்டினால் கிட்டத்தட்ட 98. குறைந்த எண்கள் அதேபோல இன்னும் குறைந்துபோகும். ஏன் இந்தத் திருகல்? 90 என்றால் தவறவே தவறாது என்றுதான் நம் மனம் படிக்கிறது. பத்தில் ஒன்று தவறினால் 'ஏமாற்றுகிறான்' என்று கத்துவோம். நம்மைத் திருப்திப்படுத்தவே பொய் சொல்லியிருக்கிறார்கள். ரசிக்கத்தக்க வேலைதான், ஆனாலும் திறனைச் சோதிக்க எனக்கு இந்த வகை ஆட்டம் சரிப்படாது.

அதற்காக அதிர்ஷ்டமே கூடாது என்பவன் அல்ல நான். ஸ்பெலங்கி எனக்கு மிகவும் பிடித்த ஆட்டங்களில் ஒன்று. ஒவ்வொரு முறையும் குகை புதிதாக உருவாகும், எது எங்கே வரும் என்று தெரியாது. ஆனால் விதிகள் இம்மியும் மாறாது. சுவரில் பதிந்த அம்புப்பொறி அதற்கு முன்னால் எது வேகமாக நகர்ந்தாலும் ஒரே ஒரு அம்பை எய்யும். 2012 பதிப்பில் நாம் 4 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குவோம், ஒரு அம்பு அதில் 2-ஐப் பறிக்கும். பாதி வாழ்க்கை! ஆனால் குதிப்பதற்கு முன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டால் பொறி அந்தக் கல்லை நோக்கி எய்துவிட்டுச் சும்மா இருக்கும். அம்பு பட்டுச் செத்தால் ஆட்டத்தைத் திட்ட முடியாது. கல் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. குலுக்கிப் போடுவது ஆட்டத்தின் உரிமை, போட்டதைப் படிப்பது என் வேலை.

2019-ல் வந்த செக்கிரோ இதன் மறுமுனை. இடங்கள் புதிதாகக் குலுக்கப்படுவதில்லை, எளிது கடினம் என்று தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. எதிரியின் வாள் வரும் தருணத்தில் தடுக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பயத்தில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தருணம் சுருங்கிக்கொண்டே போகும். பதற்றத்தைக் கண்டுபிடித்துத் தண்டிக்கிறது. என் கதாபாத்திரம் கூடுதலாக வாங்கிய வலிமையால் அந்த ஆட்டத்தில் நான் எந்த எதிரியையும் தாண்டியதாக நினைவில்லை. எண்களைக் கூட்டிக் கூட்டி ஆள் வளரும் ஆட்டங்களில், ஒரு வாரம் கழித்து வந்தாலும் அந்த எண் அப்படியே இருக்கும். செக்கிரோவில் ஒரு வாரம் தொடாமல் வந்தால் கை மழுங்கியிருக்கும், முதல் காவலாளியே வெட்டிவிடுவான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

விரல் வேகம் எல்லாருக்கும் ஒன்றல்ல, வயதும் சும்மா இருக்காது. செலஸ்டில் உதவி முறையை இயக்கினால் ஆட்டத்தின் வேகத்தையே பாதிவரை குறைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டு ஆடுவதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுவிட்ச் வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது, போட்டது நான் என்று எனக்குத் தெரியும்.

மனிதத் திறன் ஒரு நிரலையே தாண்டிய கதை டெட்ரிஸுடையது. 1989-ல் நின்டென்டோவின் கேம் கருவிக்கு வந்த பதிப்பில் 29-ஆவது லெவலில் கட்டைகள் ஒரு சட்டத்துக்கு ஒரு வரிசை இறங்கும். 20 வரிசை உயரத்தை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதற்கு மேல் யாராலும் முடியாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். பிறகு கட்டைவிரலைத் துடிக்க வைத்து அடிப்பது, கன்ட்ரோலரின் முதுகில் விரல்களை உருட்டித் தட்டுவது என்று புதுப்புது வித்தைகள் வந்தன. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆவது லெவல்வரை போனான், ஆட்டம் தாங்காமல் உறைந்து நின்றது. அந்தப் பழைய பதிப்பு கட்டைகளைக் கிட்டத்தட்ட முழுக்க அதிர்ஷ்டத்துக்கே விட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீளக்கட்டை வராமலே காலம் போகும். இப்போதைய பதிப்புகள் 7 கட்டைகளையும் ஒரு பைக்குள் போட்டுக் கலைத்து ஒவ்வொன்றாகத் தருகின்றன. இரண்டு நீளக்கட்டைகளுக்கு நடுவே மிஞ்சிப்போனால் 12 வேறு கட்டைகள் வரும். என் ஓட்டு பைக்குத்தான்.

ஆன்லைனில் ஆட வாயேன் என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். போனால் நான் தோற்றது எதிராளியிடமா, நெட்வொர்க் தாமதத்திடமா, என்னைவிட வெகு மேலே இருப்பவரோடு கோத்துவிட்ட கணினியிடமா என்று தெரியாது. ஐந்து பேர் மேல் சந்தேகம் என்றேனே, அந்த அடாப்டர் விவகாரம், அதை வாரத்துக்கு மூன்று மாலை விரும்பிப் போய் அனுபவிக்க என்னால் ஆகாது.

போட்டி வேண்டும் என்றால் என்னோடு நானே போட்டி போட வழி இருக்கிறது. நேரப் பந்தய ஆட்டங்களில், முன்பு நானே ஓட்டிய சிறந்த ஓட்டம் நிழல் காராகக் கூட ஓடி வரும். 2003-ல் தொடங்கிய ட்ராக்மேனியா வரிசை இதில் கறார். அதன் இயற்பியல், அதே பாதையில் அதே பட்டனை அதே கணத்தில் அழுத்தினால் அதே முடிவைத்தான் கொடுக்கும். அதில் குலுக்கலே இல்லை. ஓட்டத்தின் பதிவுக்கோப்பில் வீடியோ கிடையாது, ஓட்டத்தை அப்படியே திரும்ப நிகழ்த்தத் தேவையான தகவல் மட்டும் இருக்கும். அதனால் கோப்பு மிகச் சிறியது.

சிறியதால்தான் அதை அலட்சியமாக விடுவார்கள். என் பேக்கப்பில் போட்டோக்களுக்கு அடுத்த இடம் இந்த நிழல்களுக்கும் சேவ் கோப்புகளுக்கும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேஷ் எண் (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஏதாவது மாறினால் எண்ணும் மாறும்) கணக்கிட்டு ஒரே பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பெட்டி வாங்கினால், முதலில் டிஸ்க் முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை. பெரிய டிஸ்க்குக்கு இது நாள் கணக்கில் ஓடும், ஓடட்டும். இணைப்பு விழ வேண்டும் என்றால் அப்போதே விழட்டும். அது முடிந்ததும் கோப்புகளைக் காப்பி செய்து, பெட்டியின் மின்சாரத்தை அணைத்துப் போட்டு, ஹேஷ் பட்டியலோடு ஒப்பிடுவேன். அணைக்காமல் ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடக்கூடும். கடைசியாக வந்த பெட்டி இந்த எல்லாவற்றிலும் தேறிவிட்டது, தூக்க நேரத்தை மாற்ற விடுவதில்லை என்ற ஒரு குறையைத் தவிர. அதற்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைத் தொட்டுவிட்டு வரும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதுமானதாக இருக்கிறது. கன்ட்ரோலரை இப்போது கம்பியில் மாட்டித்தான் ஆடுகிறேன்.